நூலில் ஓடும் மின்சாரம்

பருத்தியும் பட்டும் மின்சாரத்தை எளிதில் கடத்தா. அதனால்தான் ஒரு காலத்தில் செப்புக் கம்பியின்மேல் பருத்தி நூலையே காப்பாகச் சுற்றினார்கள். அத்தகைய துணியை மின்சுற்றாக மாற்ற முடியுமா?

முடியும். 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ரெமி போஸ்ட், மேகி ஆர்த் இருவரும் துணியாலான மின்சுற்றுகளைப் பற்றி எழுதினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது இந்தியாவில் நெய்த ஒருவகைப் பட்டுத் துணி. அதன் பாவு வெறும் பட்டு. ஊடையோ மெல்லிய செப்புத் தகடு சுற்றிய பட்டு. ஊடை இழைகள் ஒன்றையொன்று தொடாமல் அடுத்தடுத்து ஓடியதால், ஒவ்வோர் இழையும் ஒரு மின்கம்பி ஆயிற்று!

நாமும் ஒன்று தைத்துப் பார்ப்போம். இரவில் சைக்கிளில் செல்பவர் கையில் அணியும் ஒளிப்பட்டை அது.

தேவையானவை: தடித்த துணிப்பட்டை, துருவேறா எஃகாலான கடத்தும் நூல், 3 வோல்ட் நாணய வடிவ மின்கலம், அதற்கான கூடு, சிவப்பு எல்.இ.டி., 100 ஓம் மின்தடை, உலோகப் பிரஸ் பட்டன்.

செய்முறை: எல்.இ.டி., மின்தடை ஆகியவற்றின் கால்களைச் சிறு வளையங்களாக வளைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் இரு முனைகளிலும் பிரஸ் பட்டனின் பாதிகளைத் தையுங்கள். கலத்தின் நேர்முனையிலிருந்து பட்டனின் ஒரு பாதிக்கு ஒரு நூல்; மறுபாதியிலிருந்து மின்தடைக்கு இன்னொரு நூல்; அங்கிருந்து எல்.இ.டி.யின் நீண்ட காலுக்கு மூன்றாவது; குட்டைக் காலிலிருந்து எதிர்முனைக்கு நான்காவது. ஒவ்வொரு நூலையும் முடிச்சிட்டு வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் தொடர்ந்து தைத்தால் மின்னோட்டம் எல்.இ.டி.க்குள் செல்லாமல் நூல் வழியே போய்விடும். முடிச்சின்மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் அவிழாது. பட்டையைக் கையில் மாட்டிப் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், கழற்றினால் அணையும். பட்டனே இங்கு சுவிட்ச்.

இப்போது கணக்குக்கு வருவோம். செப்புக் கம்பியின் தடை மிகக் குறைவு. அதை நாம் பொருட்படுத்துவதில்லை. நூலில் அப்படி இருக்க முடியாது. நம் நூலின் தடை மீட்டருக்கு 40 ஓம் எனக் கொள்வோம். பட்டையில் மொத்தம் அரை மீட்டர் நூல் இருந்தால் அதன் தடை 20 ஓம். சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 1 வோல்ட். மொத்தத் தடை 120 ஓம். ஆகவே மின்னோட்டம் 1/120 ஆம்பியர், அதாவது சுமார் 8 மில்லி ஆம்பியர். இதுவே ஒரு சட்டை முழுவதும் 5 மீட்டர் நூலை ஓட்டினால்? நூலின் தடையே 200 ஓம்! தனி மின்தடை இல்லாமலே மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியராகக் குறைந்துவிடும். ஆடை மின்சுற்றில் நூலும் ஓர் உறுப்பு என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று: நூலுக்கு உறை இல்லை. துணி மடியும்போது நேர் நூலும் எதிர் நூலும் தொட்டுக்கொண்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டு, கலம் விரைவில் தீர்ந்துபோகும். வியர்வையும் உப்புநீர்தான்; அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே இரு நூல்களுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு, உட்புறம் வேறொரு துணியை வைத்துத் தையுங்கள்.

எச்சரிக்கை: நாணயக் கலத்தைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாகலாம். திருகாணியால் மூடும் கூட்டையே வாங்குங்கள். யாரேனும் விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். துவைக்கும் முன் கலத்தை எடுத்துவிட வேண்டும். இந்தப் பட்டை சைக்கிள் விளக்குக்கு மாற்று அல்ல, துணை மட்டுமே.

பள்ளி ஆய்வகத்தில் மல்டிமீட்டர் இருக்குமல்லவா? 10, 20, 50 சென்டிமீட்டர் நூல்களின் தடையை அளந்து வரைபடம் வரையுங்கள். இரண்டு நூல்களை அருகருகே இணைத்தால் தடை என்ன ஆகும் என்று முதலில் கணக்கிட்டு, பிறகு அளந்து பாருங்கள். பழைய ஜரிகைத் துண்டு கிடைத்தால் அதையும் சோதியுங்கள். உலோக ஜரிகை கடத்தும்; பிளாஸ்டிக் படலத்தாலான ஜரிகை பளபளத்தாலும் கடத்தாமல் போகலாம். மின்னுவதெல்லாம் மின்கடத்தி அல்ல!