மோட்டார் வண்டியின் எண்ணெய் அளவைச் சோதித்தல்

நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் அந்நேரத்திற்குள் 3,000 முறை மேலும் கீழுமாகச் சென்று மீள்கின்றது. அவ்வியக்கத்தில் உலோகத்தை உலோகம் தேய்க்காதவாறு காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலமேயாகும். வெப்பத்தை அகற்றுவதும், கரித்துகள்களை வடிகட்டிக்குக் கொண்டு சேர்ப்பதும், துருவைத் தடுப்பதும் எண்ணெயின் பிற பணிகளாம்.

எண்ணெய் குறைந்தால் சிவப்பு விளக்கு முன்கூட்டியே எச்சரிக்கும் எனப் பலர் கருதுகின்றனர். பெரும்பாலான வண்டிகளில் அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவையன்று, அதன் அழுத்தத்தையே. அது எரியும்போது தாங்கிகள் தேயத் தொடங்கியிருக்கலாம். உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். தொலைவிடங்களுக்குச் செல்லும் களப்பணியாளர் புறப்படுமுன்னரே அளவைச் சோதிப்பது இன்றியமையாதது.

சோதிக்கும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துக. சரிவில் நின்றால் அளவு பிழையாகும்.
2. ஓடிய எஞ்சினை அணைத்தபின் 5 முதல் 10 நிமிடம் பொறுத்திருக்க. மேலே பரவிய எண்ணெய் அடித்தொட்டியில் வடிந்து சேர இக்காலம் தேவை. வண்டியின் கையேடு வேறு முறை கூறின் அதனையே பின்பற்றுக.
3. அளவுக்கம்பியை உருவித் தூய துணியால் துடைத்து, முழுவதும் செருகி, மீண்டும் எடுத்துப் பார்க்க. எண்ணெய் மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையில் இருத்தல் வேண்டும். சில புதிய வண்டிகளில் அளவுக்கம்பி இல்லை. மின்னணுத் திரையே அளவைக் காட்டும்.

குறைவாயின், கையேடு குறிக்கும் வகை எண்ணெயையே புனல் வழியாகக் கால் லிட்டர் அளவில் ஊற்றி, சிறிது பொறுத்து மறுபடியும் அளக்க வேண்டும். மேற்குறியைத் தாண்டுதல் கூடாது. மிகையான எண்ணெயைச் சுழல்தண்டு கடைந்து நுரையாக்கும். நுரை கலந்த எண்ணெய் படலத்தைச் செவ்வனே காக்காது.

20W-40 போன்ற குறியீட்டில் முதல் எண் குளிரில் ஓடும் இயல்பையும், இரண்டாவது எண் 100 பாகை செல்சியசில் உள்ள பாகுநிலையையும் குறிக்கும். முதல் எண் குறைந்த எண்ணெய் கடுங்குளிரிலும் எளிதில் ஓடும்.

எண்ணெய் கறுத்திருப்பது, சிறப்பாக டீசல் எஞ்சினில், தன்னளவில் குறையன்று. பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்திருக்கக்கூடும். பெட்ரோல் வாடை வீசினால் எரிபொருள் கலந்திருக்கக்கூடும். இவ்விரண்டிற்கும் பணிமனையை நாடுக. அடிக்கடி அளவு குறைந்தால் எண்ணெய் கசிகிறது அல்லது எரிகிறது என்று அறிக. கழிவெண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், முறைப்படி சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் கடமையாகும்.

வகுப்பில் செய்துகாட்ட: இரு சோதனைக் குழாய்களில் சம அளவு விளக்கெண்ணெய் எடுத்து, ஒன்றை வெந்நீரிலும் மற்றொன்றைக் குளிர்ந்த நீரிலும் சற்று நேரம் வைத்துச் சாய்க்க. சூடான எண்ணெய் விரைந்து ஓடுவதை மாணவர் கண்டு, சூட்டால் பாகுநிலை குறைவதைத் தாமே உணர்வர்.