உப்புக் காற்றும் ஒரு பழைய ட்ரையம்ஃபும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளப் பாத்திகள் விரிந்து கிடக்கும் மரக்காணம் போன்ற ஊரில், பாட்டனார் காலத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் குடும்பச் சொத்தாகப் பெற்று, அதை மீண்டும் ஓடவைக்க விரும்பும் இளைஞர், எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன் அவ்வூர்க் காற்றின் தன்மையை அறிந்துகொள்ள வேண்டும். சோடியம் குளோரைடு என்னும் கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும் இயல்புடையது. ஆகவே கடலோரத்துக் கொட்டகையில் நிற்கும் காரின் மீது படிந்த உப்பு, மழை பெய்யாத இரவுகளிலும் இரும்பை நனைத்தே வைக்கிறது. அந்தக் கரைசலில் உள்ள குளோரைடு, துருவின் அடியில் சிறு குழிகளைத் தோண்டி உள்ளேயே தங்கிவிடுவதால், மேலே எவ்வளவு உயர்ந்த வண்ணம் பூசினாலும் சில மாதங்களில் அது கொப்புளித்து எழும்.

இந்தக் காரின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பதும் தெரிந்துவிடும். கவன்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனம் 1959இல் ஹெரால்டு காரை வெளியிட்டபோது, பிற நிறுவனங்கள் பல சேசிஸையும் உடலையும் ஒரே கூடாக அமைக்கும் முறைக்கு மாறிவிட்டிருந்தன. ஹெரால்டோ தனியான இரும்புச் சேசிஸின் மீது, தனித்தனி உடற்பகுதிகளைப் போல்ட்டால் இணைக்கும் பழைய முறையிலேயே அமைந்தது. அந்தச் சேசிஸைக் குறுக்கி, டூரின் நகர வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலாட்டி வரைந்த உடலைப் பொருத்தி, 1962இல் வெளிவந்ததே ஸ்பிட்ஃபயர். தமிழ்நாட்டுக்கு இதில் தனி உறவு உண்டு: சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டை 948 சிசி எஞ்சினுடன் இங்கேயே உருவாக்கியது, பின்னர் இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு வடிவத்தையும் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின. முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பின்பக்கக் குறுக்குப் பட்டை வில் ஆகியவற்றில் இரு கார்களும் நெருங்கிய உறவினர் என்பதால், ஸ்பிட்ஃபயருக்கு உதவி தேடுவோர் ஹெரால்டு தெரிந்த பழைய மெக்கானிக்குகளையே முதலில் அணுக வேண்டும். அவர்கள் கைகளில் உள்ள அறிவு எந்தக் கையேட்டிலும் முழுமையாக இல்லை.

ஹெரால்டின் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உடலின் ஓரங்களைத் தாங்கின. ஸ்பிட்ஃபயரில் அவை பெரும்பாலும் நீக்கப்பட்டமையால், கதவுகளின் கீழ் ஓடும் சில் எனப்படும் பெட்டி வடிவத் தகட்டுப் பகுதியே காரின் வலிமையைச் சுமக்கிறது. உள்ளே வெற்றிடமுள்ள அப்பகுதியில் உப்பும் சேறும் சேர்ந்து, நீர் வடியும் துளைகள் அடைபட்டால், வெளியே பளபளப்பாகத் தெரியும் தகடு உள்ளிருந்தே அரிக்கப்பட்டிருக்கும். அதை அறுத்து மாற்றுவதற்கு முன், கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு செய்து நிலைநிறுத்தாவிட்டால், உடல் நடுவில் தொய்ந்து, பின் எக்காலத்திலும் கதவுகள் சரியாகப் பொருந்தமாட்டா. துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி பூசி நிரப்பி உப்புத்தாளால் தேய்த்து மறைப்பது, வண்டியின் உயிரோடு விளையாடும் செயல்.

துருவை நீக்குவதற்கு முன்பே உப்பை நீக்க வேண்டும். கழற்றிய உறுப்புகளை உவர்ப்பில்லாத தண்ணீரால், மழைநீராயின் மிக நன்று, பலமுறை கழுவுதல் வேண்டும். சிறு உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறை ஏற்றது. சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்டைத் தண்ணீரில் கரைத்து, துருப்பிடித்த உறுப்பை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பயனற்ற இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் இணைத்தால், துரு தளர்ந்து உதிரும், இரும்பு தேயாது. அப்போது எழும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியதாகையால் வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும். எவர்சில்வரை நேர்முனையில் வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மங்கள் கரையும். கரைசலில் கறியுப்பைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். உப்பு கைக்கெட்டும் தூரத்தில் குவிந்திருக்கும் ஊர் என்பதால் இந்த எச்சரிக்கை இங்கே இருமடங்கு பொருந்தும்.

வண்ணப்பூச்சுக்கு உப்பு விளையும் கோடை மாதங்களே உகந்தவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. கோடையிலும் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பி உப்புத் துகள்களைக் கொணர்வதால், நிலக்காற்று வீசும் காலையிலேயே தகட்டைத் துடைத்து, துத்தநாகம் கலந்த முதற்பூச்சைப் பூசி முடித்துவிட வேண்டும். துத்தநாகம் இரும்புக்கு முன் தான் அரிபட்டு அதைக் காக்கிறது.

மின்னமைப்பில் ஒரு கண்ணி உண்டு: தொடக்ககால ஸ்பிட்ஃபயர்களில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது, இன்றைய வழக்கப்படி மாற்றி இணைத்தால் கருவிகள் பழுதாகும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைச் சிதைப்பதால், எத்தனாலைத் தாங்கும் குழாய்களை முதலிலேயே பொருத்திவிடுதல் தகும்.

எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதில் சட்டமும் நல்லுணர்வும் இங்கே ஒன்றுபடுகின்றன. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்காக மத்திய அரசு 2021இல் வகுத்த பழங்கால வாகன விதிகள், சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளையே ஏற்கின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பதிவு 10 ஆண்டுகள் செல்லும்; கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கன்றி அன்றாடப் பயணத்துக்கு அவ்வண்டியைப் பயன்படுத்த இயலாது. ஜப்பானிய எஞ்சினை வைத்து வேகமாக ஓட்டலாம் என்னும் ஆலோசனை பல பட்டறைகளில் கிடைக்கும். அதை ஏற்றால் பாட்டனார் ஓட்டிய கார் பெயரளவிலேயே எஞ்சும்.

உரிமையாளர் மறைந்திருந்தால், வாரிசு 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வழியாகப் பெயர்மாற்றம் கோர வேண்டும். அது விடுபட்டிருப்பின், முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே அதைச் சீர்செய்துகொள்வது நலம். சேசிஸ் எண் பொறித்த தகட்டைப் படமெடுத்து, வண்ணம் படாமல் மூடி, இருந்த இடத்திலேயே காத்து வைத்தால், பின்னாளில் ஆய்வாளர் வண்டியையும் பழைய பதிவுப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது தடை எழாது.