சுவர் பெற்ற கதவு

நான் சிவில் டிப்ளமோ படித்து, ரயில்வே கட்டுமானப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இங்கே பெங்களூரில் வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கணினியில் ஒரு கட்டடத்தைக் காட்டினாள். சுவரை இரண்டடி நகர்த்தினாள். கதவும் கூடவே நகர்ந்தது!

"கதவுக்கு யாரம்மா சொன்னது?" என்றேன்.

"சுவர் தாய், கதவு பிள்ளை அப்பா" என்றாள்.

எனக்குப் பழைய நினைவு வந்தது. ஒரு சிறிய நிலையத்தில் தரைமட்டத்தை ஆறு அங்குலம் உயர்த்த முடிவாயிற்று. தரைமட்டம் காட்டும் தாளைத் திருத்தினேன். கதவு ஜன்னல் தாளைத் திருத்த மறந்தேன். லிண்டல் பழைய உயரத்திலேயே வார்க்கப்பட்டது. கதவு நிலை உள்ளே நுழையவில்லை. கொத்தனார் லிண்டலை உடைத்தபோது நான் தலைகுனிந்து நின்றேன். காகிதத்தில் சுவரும் கதவும் வெறும் கோடுகள். அவற்றின் உறவு என் தலைக்குள் மட்டுமே இருந்தது.

'பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்', சுருக்கமாக 'பிம்' என்னும் முறையில் அந்த உறவும் மாதிரியிலேயே பதிவாகிறது. இதற்கான பொதுவான கோப்பு வடிவம் ஐ.எஃப்.சி. 2013இல் அது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற உலகத் தரமாயிற்று. அதில் முக்கியமான உறவுகள் மூன்று.

முதலாவது, இடத்தில் அடங்குவது. திட்டத்துக்குள் மனை, மனைக்குள் கட்டடம், கட்டடத்துக்குள் தளம், தளத்துக்குள் பொருள்கள். நமக்குத் தெரிந்த மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தை எண்ணிப் பாருங்கள். ஊதா, பச்சை வழித்தடங்களின் நடைமேடைகள் வெவ்வேறு ஆழத்தில் உள்ளன. அங்குள்ள ஓர் இருக்கை ஒரே ஒரு தளத்துக்குத்தான் பிள்ளையாக முடியும். பல தளங்களைக் கடக்கும் தூணையும் ஒரு தளத்தில்தான் சேர்ப்பார்கள். மற்றத் தளங்களில் சுட்டிக் காட்டுவதோடு சரி. இல்லாவிட்டால் கணக்கில் இருமுறை வரும்.

இரண்டாவது, முழுமையும் பகுதியும். மாடிப்படி தாய், படிவரிசை, இடைமேடை, கைப்பிடி ஆகியவை பிள்ளைகள்.

மூன்றாவது, துளை. சரியாகச் சொன்னால் கதவு சுவருக்குப் பேரப்பிள்ளை. சுவரில் துளை பிறக்கிறது. துளையைக் கதவு நிரப்புகிறது. அதே கதவு தளத்துக்குள்ளும் அடங்குகிறது. பிறந்த வீடு ஒன்று, குடியிருக்கும் வீடு ஒன்று. வெளியூரில் வாழும் நமக்கு இது புரியாததா?

துளையின் இடம் சுவரிலிருந்தும், சுவரின் இடம் தளத்திலிருந்தும் அளக்கப்படுவதால், தளத்தை உயர்த்தினால் எல்லாம் சேர்ந்து உயரும். என் ஆறு அங்குலமும் உயர்ந்திருக்கும்!

ஆனால் கணினி தவறே செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது. பொருளைத் தவறான தளத்தில் சேர்த்தால், அந்தத் தளத்தின் அளவுப் பட்டியலும் தவறாகும். நாக்பூர் மெட்ரோவில் மாதிரியோடு கால அட்டவணையையும் செலவையும் இணைத்தார்கள். அப்படி இணைத்தபின் உறவில் நேரும் பிழை பணத்திலும் பிழையாகிவிடும்.

நம் பிள்ளைகளில் பலர் கட்டடப் பொறியியல் படிக்கிறார்கள். கணினியைத் தொடுமுன் ஒவ்வொரு பொருளையும் பார்த்து மூன்று கேள்வி கேட்கட்டும்: இது எதற்குள் அடங்குகிறது? எதன் பகுதி? எதை நம்பி நிற்கிறது? வீட்டு மாடிப்படியிலிருந்தே தொடங்கலாம். காகிதமும் பென்சிலும் போதும்.