அம்பத்தூரில் ரூம் போட்டால் பாதி நாள் போய்விடுமா?

"அம்பத்தூர்லயா ரூம் போட்டிருக்கீங்க? பாதி நாள் ரோட்டிலேயே போயிடுமே!"

கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ சென்னைப் பக்கம் கிளம்பும் குடும்பத்திடம் இதைச் சொல்வதற்கென்றே ஒரு பெரியப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ இருப்பார். அவர் அம்பத்தூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்க மாட்டார். என்றைக்கோ ஒரு மாலை, ஆறரை மணிக்கு, பாடி மேம்பாலத்துப் பக்கம் காரில் மாட்டிக்கொண்டு தவித்திருப்பார். அந்த ஒரு மாலையைச் சாட்சியாக வைத்துக்கொண்டு இன்றுவரை தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கிறார். கேட்டவர்களும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. போட்ட ரூமை ரத்து செய்துவிட்டு, தி. நகரில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும் ஓர் அறைக்குக் கூடுதல் காசு கொடுக்கிறார்கள்.

சரி, அந்தக் குடும்பம் எங்கே போகக் கிளம்பியது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கையில் இருக்கும் சீட்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: திருத்தணி முருகன், திருவள்ளூர் வீரராகவப் பெருமாள், முடிந்தால் திருவாலங்காடு, திருநின்றவூர். மிச்ச நேரம் இருந்தால் ஊருக்குள் ஒரு சுற்று. இந்த நான்கு ஊர்களும் எந்தத் திசையில் இருக்கின்றன? சென்னைக்கு மேற்கே, ஒரே இருப்புப்பாதையில். அம்பத்தூர் இருப்பதும் அதே பாதையில்தான். மேற்கே போக வேண்டியவர் கிழக்கே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு, காலையில் எழுந்து மறுபடி மேற்கே ஓடுவதைத்தான் 'வசதி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். தி. நகரில் தங்கியவர் மாம்பலம் ஸ்டேஷனுக்கு வந்து, வண்டி பிடித்துப் பூங்கா ஸ்டேஷனில் இறங்கி, படியேறி இறங்கி எதிர்ப்பக்கம் சென்ட்ரலுக்குப் போய், மூர் மார்க்கெட் வளாகத்தில் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையும் பாட்டியும் கூட இருந்தால் இதற்கே ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போகும். அதன் பிறகு வண்டி ஏறினால், பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் தாண்டி அம்பத்தூர் வருவதற்கு இன்னும் அரை மணிக்கு மேல். அதே வண்டியில் ஏறுவதற்காக அம்பத்தூரில் தங்கியவர் அப்போதுதான் பொங்கலை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பார். சாயங்காலமும் இதே கதை, தலைகீழாக. இரண்டு நாள் பயணத்தில் இந்த ஒன்றரை மணி நேரம் நான்கு முறை வரும். ஆறு மணி நேரம்! பெரியப்பா சொன்ன அந்தப் பாதி நாள் இதுதான். தி. நகர்க்காரருக்குப் போனதை அம்பத்தூர்க்காரர் தலையில் கட்டிவிட்டார்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், சென்னையை ரோடாக மட்டுமே பார்க்கும் பழக்கத்திலிருந்து. அம்பத்தூர் வழியாகத் திருவள்ளூர் போகும் எம்.டி.எச். ரோட்டில் சாயங்கால நெரிசல் உண்டு என்பதை மறுக்க ஒன்றுமில்லை. லாரி, கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு அந்த ரோட்டில் போகாமல் இருப்பதுதான் வழி. பக்கத்திலேயே ரயில் ஓடுகிறது. அதுவும் நேற்று வந்த ரயில் இல்லை. 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தத் தடத்தில்தான் போனது. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் 69 கிலோமீட்டர். அதில் அம்பத்தூர் ஏறத்தாழ 15ஆவது கிலோமீட்டரில் வருகிறது. அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றும் 'யூனிட்' என்றே சொல்லும் மின்சார ரயில், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று விடியும் முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. சில வண்டிகள் அரக்கோணத்தோடு நிற்காமல் திருத்தணி வரைக்கும் போகின்றன.

ஊருக்குள் போவதற்கும் இதே தடம்தான். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு டிக்கெட் 5 ரூபாய். அங்கே இறங்கினால் மெட்ரோ காலடியில் இருக்கிறது. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: காலை எட்டிலிருந்து பத்து வரை சென்ட்ரல் பக்கம் போகும் வண்டியில் ஏறக் கூடாது. திருவள்ளூரிலும் ஆவடியிலும் ஏறிய ஆபீஸ் கூட்டம் கதவில் தொங்கிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் எதிர்த்திசை வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கோயிலுக்குப் போகிறவருக்கு அந்த எதிர்த்திசைதானே வேண்டும்?

கோவைப் பக்கமிருந்து வருகிறவர்கள் சென்ட்ரல் வரை போய் இறங்குவது இன்னொரு வீண் வேலை. அவர்கள் வரும் ரயில்களில் பல அரக்கோணத்திலும் பெரம்பூரிலும் நிற்கின்றன. அங்கே இறங்கி யூனிட்டுக்கு மாறினால் போதும். தெற்கிலிருந்து எழும்பூருக்கு வருகிறவர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறிக்கொள்ளலாம்.

"அங்கே பார்க்க என்ன இருக்கு, மெஷின்தானே?" இது தொழிற்பேட்டை ஊரான அம்பத்தூரைப் பற்றிய இரண்டாவது வதந்தி. கேட்கும்போது முதலாவதைவிட அதிகமாகவே எரிச்சல் வரும்.

அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். சுந்தரர் பாடிய மாசிலாமணீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. பெரும்பாலான சிவன் கோயில்களில் சுவாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நந்தி இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்று தலபுராணம் சொல்கிறது. பௌர்ணமியன்று மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், இங்குள்ள கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பவர்கள் சென்னையில் நிறையப் பேர். எஸ்டேட் என்று சொல்லும் அந்தத் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, வெறும் மேம்பாலமாக மட்டுமே பெரியப்பாவுக்குத் தெரிந்த பாடிதான் சம்பந்தர் பாடிய திருவலிதாயம். குருப்பெயர்ச்சியன்று அங்கே போய்ப் பார்த்தால் தெரியும், கூட்டம் என்றால் என்னவென்று.

கொஞ்சம் தள்ளிப் போனால் ஆவடி. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர். 1960களில் விஜயந்தா டாங்கி செய்து அனுப்பியதும் இதே ஊர்தான். அதையும் தாண்டினால் திருநின்றவூர். பக்தவத்சலப் பெருமாள் கோயில் ஒரு பக்கம். மனசுக்குள்ளேயே செங்கல் செங்கல்லாகக் கோயில் கட்டிய பூசலாரின் இருதயாலீஸ்வரர் கோயில் இன்னொரு பக்கம். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லில் கட்டிய கோயிலுக்குக் குறித்த அதே நாளில் பூசலாரின் கோயிலுக்கும் குடமுழுக்கு அமைந்துவிட, சிவன் மன்னனைத் தேதி மாற்றிக்கொள்ளச் சொன்னாராம். காசில்லாதவன் கட்டிய கோயிலுக்கு அவ்வளவு மரியாதை!

திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கியதும் கோபுரம் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோயில் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆட்டோ பிடிக்க வேண்டும். நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் ஆடல் கண்டு பாடிய தலம். ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் 1905இல் கிடைத்தது இந்த ஊரில்தான். இதைத் தெரிந்துகொள்ளாமலே திருத்தணியில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களை என்ன சொல்ல.

'மெஷின்தானே' என்று கேட்டவருக்கு இன்னொரு பதிலும் உண்டு. திருவள்ளூரில் இறங்கிப் பூண்டிக்கு பஸ் ஏறினால் 1944இல் கட்டிய நீர்த்தேக்கமும், பக்கத்திலேயே தொல்பழங்கால அருங்காட்சியகமும் இருக்கின்றன. அந்த வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னால் சாந்தி பப்பு குழுவினர் அங்கேயே அகழாய்வு செய்து, மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் பட்டறை போட்டு உட்கார்ந்து 15 லட்சம் வருஷம் ஆகிறது. 1964இல் அரசாங்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டையைத் தொடங்கியபோது அது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை.

மற்ற வதந்திகளுக்கு அதிக நேரம் தேவையில்லை. "அது சென்னையே இல்லை" என்பார்கள். 2011இலேயே மாநகராட்சியில் சேர்ந்தாயிற்று. இன்று அது ஏழாவது மண்டலம்.

"சாப்பாடு கிடைக்காது." ஷிப்ட் வேலை நடக்கும் ஊரில் பசிக்கு நேரம் காலம் கிடையாது. விடிகாலையில் இட்லிப் பானை ஏறிவிடும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்காகப் பரோட்டாக் கல் சூடாகவே இருக்கும். அளவுச் சாப்பாடு போடும் மெஸ்களுக்கும் குறைவில்லை. மேஜை விரிப்பும் மெழுகுவர்த்தியும் தேடுகிறவருக்கு வேண்டுமானால் ஏமாற்றம்.

"ராத்திரியெல்லாம் மெஷின் சத்தம்." எஸ்டேட்டுக்குள்ளேயே ரூம் எடுத்தால் இருக்கலாம். அதை விட்டுத் தள்ளியிருக்கும் தெருக்கள் வீடும் பள்ளிக்கூடமும் நிறைந்த சாதாரணத் தெருக்கள். குடும்பத்தோடு தங்க முடியாது என்பதும் இதே ரகம். அந்தத் தெருக்களில் வசிப்பவர்கள் எல்லாம் குடும்பம் இல்லாமலா வசிக்கிறார்கள்?

"எப்படியும் மலிவு" என்பதையும் நம்பிவிட வேண்டாம். கம்பெனி வேலையாக வந்து தங்குகிறவர்களால்தான் அங்குள்ள ஓட்டல்கள் பிழைக்கின்றன. வாரநாளில் விலை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை விலை ஒன்று. கேட்டுத்தான் போட வேண்டும்.

எங்கே அம்பத்தூர் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரமும் மயிலாப்பூரும் பெசன்ட் நகரும்தான் சீட்டில் இருக்கின்றன என்றால் அங்கே தங்குவது முட்டாள்தனம். விடிகாலை விமானம் பிடிக்க வேண்டியவர் கிண்டிப் பக்கம் பார்க்கட்டும். அதுவும் 1958இல் தொடங்கிய தொழிற்பேட்டைதான், ஆனால் மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு. தண்டவாளப் பராமரிப்பு என்று வார இறுதியில் சில வண்டிகளை ரத்து செய்வதும் உண்டு. முதல் நாளே செய்தித்தாளில் வந்துவிடும். வேக வண்டிகள் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. திருமுல்லைவாயில் போகிறவர் ஏறும் முன் பலகையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவடியில் இறங்கித் திரும்பி வர வேண்டியதுதான்.

'அம்பத்தூர்' என்று மட்டும் பார்த்து ரூம் போடுவதும் தப்பு. எஸ்டேட் வேறு, ஓ.டி. என்று சொல்லும் பகுதி வேறு, ஸ்டேஷன் பக்கம் வேறு. தொழிற்பேட்டைக்குள் தங்குகிறவருக்கு அம்பத்தூரைவிடப் பட்டரவாக்கம் ஸ்டேஷன் கிட்டே இருக்கலாம். ரூம் கேட்டுப் போன் செய்யும்போது ஏசி உண்டா, வெந்நீர் வருமா என்று விசாரிப்பவர்கள், எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் நடக்க வேண்டும் என்று ஒருவராவது கேட்கிறார்களா?

கேட்டாலும் பதில் கிடைப்பது கஷ்டம், அது வேறு விஷயம். இந்த ஊர் லாட்ஜ் வரவேற்பறைகளில் வெங்கடாசலபதி படம் இருக்கிறது, பிளாஸ்டிக் பூங்கொத்து இருக்கிறது, லண்டன் நேரம் காட்டும் கடிகாரம்கூட இருக்கிறது. லோக்கல் ரயில் நேரம் மட்டும் எங்கும் இல்லை. திருத்தணிக்கு அடுத்த வண்டி எப்போது என்று கேட்டால், "கார் புக் பண்ணித் தரட்டுமா சார்?" என்கிறார்கள். ஒரே ஒரு தாள் போதும்: கிழக்கே போவது ஒரு பத்தி, மேற்கே போவது ஒரு பத்தி, திருத்தணி வண்டிகளுக்குச் சிவப்பு மை, ஞாயிறுக்குத் தனிப் பட்டியல். அந்தக் கடிகாரத்துக்குக் கீழேயே ஒட்டலாம். அது வரும்வரைக்கும், ஸ்டேஷன் வாசல் டீக்கடை மாஸ்டரிடம் விசாரிப்பதே மேல். டீயை ஆற்றிக்கொண்டே, "இப்ப வர்றது திருவள்ளூரோட நின்னுடும், அதுக்கு அடுத்ததுதான் திருத்தணி. உட்காருங்க, இன்னொரு டீ சாப்பிடலாம்" என்பார்.