ஆட்டோசேவ் போட்டும் கணக்கு எங்கே போனது?

செம்மேட்டு வாசகிக்கு,

மிளகுக் கொள்முதல் கணக்கை எக்ஸெலில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, வந்த பிறகு திறந்து பார்த்தால் மதியத்துக்கு மேல் போட்ட ஒரு வரியும் இல்லை, ஆட்டோசேவ் ஆன் செய்துதான் வைத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை, திரையைப் படம் எடுத்து அனுப்பினீர்கள். நீங்கள் டிக் போட்டிருப்பது ஆட்டோசேவ் இல்லை, ஆட்டோரெக்கவர். ஆட்டோசேவ் பொத்தான் திரையின் இடது மேல் மூலையில் சின்னதாக இருக்கும். உங்கள் படத்தில் அது ‘ஆஃப்’ என்றுதான் நிற்கிறது.

ஆட்டோரெக்கவர் உங்கள் கோப்பைத் தொடவே தொடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தனியாக ஒரு நகலை ஒரு மூலையில் எழுதி வைக்கும். கணினி திடீரென்று நின்றுபோனால், அடுத்த முறை எக்ஸெலைத் திறக்கும்போது இடப்பக்கம் ஒரு பட்டையில் அந்த நகலைக் காட்டி ‘இது வேண்டுமா?’ என்று கேட்கும். கரண்ட் வந்த அவசரத்தில் பலரும் அந்தப் பட்டையை விளம்பரம்போல மூடிவிட்டு, பழைய கோப்பைத் திறந்து வேலையைத் தொடர்கிறார்கள். உங்கள் அலுவலகத்திலும் அப்படி நடந்ததா என்று விசாரியுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. விசைப்பலகையில் கை ஓயாமல் ஓடினால் அந்த நகல் எழுதப்படாது. கை அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும் என்பது எக்ஸெலின் கணக்கு. சிட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், பச்சை எடை, காய்ந்த எடை, முன்பணம், பாக்கி என்று வரிசையாகத் தட்டுகிறவருக்கு அரை நிமிட ஓய்வு எங்கே கிடைக்கும்?

நீங்கள் அனுப்பிய படம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. அதே பக்கத்தில் இன்னும் கீழே போனால், இந்த ஒர்க்புக்குக்கு மட்டும் ஆட்டோரெக்கவர் வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் மேலே எத்தனை நிமிடம் போட்டாலும் பயனில்லை. முதலில் அதைப் பாருங்கள். பிறகு பத்து என்பதை ஒன்று என்று மாற்றுங்கள்.

ஆட்டோசேவுக்கு வருகிறேன். எக்ஸெல் 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. ஆட்டோரெக்கவர் 2002 பதிப்பில்தான் சேர்ந்தது. நொடிக்கு நொடி தானே சேமிக்கும் ஆட்டோசேவ் வந்தது 2017-இல், அதுவும் ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் இரண்டிலும் இருக்கும் கோப்புகளுக்கு மட்டும். உங்கள் கோப்பு டி டிரைவில் இருக்கிறது. அங்கே இருக்கும்வரை அந்தப் பொத்தான் வேலை செய்யாது. அழுத்தினால் ‘ஒன்டிரைவில் ஏற்று’ என்றுதான் கேட்கும். இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை, வியாபார முடிவு என்பது என் எண்ணம். காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க், குறிப்பிட்ட நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் டிரைவில் இருக்கும் கோப்பையே சேமித்துவிடுமே! டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போனால் அதற்கான கட்டம் கிடைக்கும்.

ஒன்டிரைவுக்கு மாறுவதென்றால் இரண்டு விஷயம் பாருங்கள். எக்ஸ்.எல்.எஸ் என்று முடியும் பழைய வகைக் கோப்பில் ஆட்டோசேவ் நடக்காது. திறக்கவே பாஸ்வேர்டு கேட்கும்படி பூட்டிய கோப்பிலும் நடக்காது. உறுப்பினர்களின் முன்பணம் வெளியே தெரியக்கூடாது என்று நீங்கள் பூட்டு போட்டிருப்பீர்கள், அது நியாயம்தான். அப்படியானால் கோப்பைப் பூட்டாமல் கணினிக்குப் பாஸ்வேர்டு போடுங்கள்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற ஊரில் மழை நாளில் சிக்னல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்டிரைவ் செயலி கணினியில் இருந்தால், நெட் இல்லாத நேரத்து மாற்றங்கள் உள்ளேயே இருந்து பிறகு மேலே ஏறும். கூகுள் ஷீட்ஸ் அப்படியில்லை. அதில் ஆஃப்லைன் வசதியை, நெட் இருக்கும்போதே, குரோமிலோ எட்ஜிலோ முன்கூட்டி ஆன் செய்துவைக்க வேண்டும். சிக்னல் போன பிறகு தேடினால் கிடைக்காது.

ஆனால் ஆட்டோசேவ் வந்தால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். எடை வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினீர்கள் என்று வையுங்கள். பக்கத்து வரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று எக்ஸெல் கேட்கும். வேண்டாம் என்று தட்டிவிட்டால் பெயர்கள் இருந்த இடத்தில் இருக்கும், எடை மட்டும் இடம் மாறிவிடும். ஒருத்தர் கொண்டுவந்த மிளகு இன்னொருத்தர் பெயரில் ஏறிவிடும். பழைய முறையில் சேவ் செய்யாமல் மூடினால் தப்பிக்கலாம். ஆட்டோசேவ் அந்தத் தப்பையும் சேர்த்து அடுத்த நொடியே எழுதிவிடும். அப்போது ஃபைல், இன்ஃபோ, வெர்ஷன் ஹிஸ்டரி போய் முந்தைய நிலையை எடுக்க வேண்டும். எதையாவது சோதித்துப் பார்ப்பதென்றால் முதலில் ‘சேவ் எ காப்பி’ போட்டுக்கொண்டு அந்த நகலில் விளையாடுங்கள். இத்தனை கவனம் கேட்கிற வசதி எனக்கு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன். டி டிரைவிலேயே இருங்கள். ஒவ்வொருவர் கணக்கு முடிந்ததும் கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். கடை கட்டும்போது தேதியைப் பெயரில் சேர்த்து பென் டிரைவில் ஒரு நகல் போடுங்கள்.

யூ.பி.எஸ் வாங்கித் தரமாட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்கும் பழைய லேப்டாப் யார் வீட்டிலாவது இருக்கும். அரசு மாணவர்களுக்குக் கொடுத்ததாக இருந்தாலும் போதும், இந்தக் கணக்குக்கு அது தாராளம்.

போன வரிகள் கிடைக்குமா என்ற கேள்விக்கு: ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் ஒர்க்புக் என்று போய் ‘ரெக்கவர் அன்சேவ்டு ஒர்க்புக்ஸ்’ அழுத்துங்கள். அங்கே இருப்பவை நான்கு நாளில் அழிந்துவிடும், அதனால் இன்றைக்கே பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் சிட்டையை எடுத்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான். அதற்கு முன்னால் கோப்பின் பெயர் எக்ஸ்.எல்.எஸ் என்று முடிகிறதா என்று பார்த்து, எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் ஆக மாற்றிவிட்டு உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணினிப் பக்கத்துக்காரன்