புரதம் மடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு

கம்ப்யூட்டர் கேம் ஆடி மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவ முடியும் என்று கேள்விப்பட்டு வந்து கேட்கிற புத்தூர்ப் பிள்ளைகளுக்கு, இந்தக் கிழட்டு வாத்தியார் சொல்வது:

1. ஃபோல்டிட்டில் தொடங்குங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்டது, இலவசம். புரதச் சங்கிலியை மடித்து, அது இயல்பாக உட்காரும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

2. பயிற்சிப் புதிர்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சங்கிலியின் ஆரஞ்சு நிறக் கிளைகளுக்குத் தண்ணீர் ஆகாது, உள்ளே தள்ளுங்கள். நீலத்தை வெளியே விடுங்கள். அணுக்கள் முட்டிக்கொண்டால் சிவப்பு முள்ளுருண்டை கிளம்பும். வடிவத்தைத் தானாகச் சரிசெய்யும் 'விக்கிள்' பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவனுக்கு ஸ்கோர் ஓரளவுக்கு மேல் ஏறாது. நம்மூர்க் கட்டுக்காரர் தடவியே எலும்பு விலகிய இடத்தைச் சொல்கிறாரே, அப்படிக் கைக்குப் பிடிபட வேண்டும்.

3. ஆட்டத்துக்குள்ளேயே ராமச்சந்திரன் வரைபடம் இருக்கிறது. புள்ளியை இழுத்தால் சங்கிலி திரும்பும். எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் அணுக்கள் இடிக்கும் என்று 1963இல் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன். நாம் காலையில் ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேருகிற மெட்ராஸ்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆடுகிறவன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

4. குழுவில் சேருங்கள். குரங்குகளுக்கு எய்ட்ஸ் மாதிரி நோய் தரும் மேசன்-ஃபைசர் வைரஸின் நொதி ஒன்று, பத்து வருஷத்துக்கு மேல் விஞ்ஞானிகளுக்குப் பிடி கொடுக்கவில்லை. ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் அதன் வடிவத்தைப் பிடித்தார்கள். ஒருவர் மடித்து வைத்ததை இன்னொருவர் எடுத்துத் திருத்தித்தான் அது நடந்தது. 2011இல் வந்த கட்டுரையில் 'கன்டென்டர்ஸ்', 'வாய்ட் க்ரஷர்ஸ்' என்ற குழுக்களின் பெயர்களும் ஆசிரியர் வரிசையில் இருக்கின்றன.

5. ஸ்கோர் ஏறினால் மருந்து வந்துவிடாது. ஆட்டக்காரர்கள் வடிவமைத்த 146 புரதங்களை விஞ்ஞானிகள் லேபில் செய்து பார்த்து 2019இல் எழுதினார்கள். நிலையாக மடிந்தவை 56. என்னைக் கேட்டால், அது நல்ல மார்க்.

6. சில விளையாட்டுகளில் ஆராய்ச்சியே உங்களைப் பற்றியதுதான். 2016இல் வந்த 'சீ ஹீரோ க்வெஸ்ட்' படகோட்ட விட்டு, ஆடுகிறவர் வழி கண்டுபிடிக்கும் விதத்தை மறதிநோய் ஆய்வுக்காகப் பதிவு செய்தது. வயது, ஊர் கேட்டால் எதற்கு என்று படித்துவிட்டுக் கொடுங்கள்.

7. "ஆல்ஃபாஃபோல்ட் இருக்கே சார், நாம எதுக்கு?" என்பீர்கள். கொடுத்த சங்கிலி எப்படி மடியும் என்று தானே கணித்துவிடுகிற மெஷின் அது. 2024 வேதியியல் நோபலை அதைச் செய்தவர்களோடு பகிர்ந்துகொண்ட டேவிட் பேக்கரின் ஆய்வகத்திலிருந்து வந்ததுதான் ஃபோல்டிட். உலகத்தில் இல்லாத புரதத்தைப் புதிதாக வடிவமைக்கச் சொல்லும் புதிர்களைத் தேடி உட்காருங்கள். அதிலும் மெஷின் கை வைத்துவிட்டது. போட்டி போட்டுப் பாருங்கள்.