மீன் விட்டால் ஏரி தெளியுமா?

மழைக்காலம் வந்தால் டெல்லியில் கொசு ஒழிப்பு வேலைகள் வேகமெடுக்கும். அவற்றில் ஒன்று, குளங்களிலும் ஏரிகளிலும் மீன்குஞ்சு விடுவது. கொசுவும் ஒழியும், பச்சையாகக் கிடக்கும் தண்ணீரும் தெளியும் என்று குடியிருப்போர் சங்கங்களும் இதை விரும்பிக் கேட்கின்றன. எண்ணம் நல்லதுதான். ஆனால் மீனுக்கும் தண்ணீரின் நிறத்துக்கும் நடுவே கண்ணில் எளிதில் படாத ஓர் உயிர்க்கூட்டம் இருக்கிறது. அதைச் சேர்க்காமல் போடும் கணக்கு பெரும்பாலும் தப்பாகிறது.

நம்பிக்கை: மீன் விட்டால் பாசி குறையும்.

உண்மை: குளங்களில் விடப்படும் சிறு மீன்களில் பல பாசியைத் தின்பதில்லை, பாசியைத் தின்னும் உயிர்களைத் தின்கின்றன. டாஃப்னியா, மோய்னா போன்ற நீர்த்தெள்ளுகள், சைக்ளாப்ஸ், ரோட்டிஃபர் ஆகியவை விலங்கு மிதவையுயிரிகள். சென்னை கொளத்தூர் வண்ணமீன் பண்ணைகளில் குஞ்சுகளுக்கு இரையாகப் போடுகிறார்களே, அந்த மோய்னாதான் இது. நீர்த்தெள்ளு தண்ணீரை ஓயாமல் சலித்துப் பாசியை உண்கிறது. உடல் பெரிதாக இருந்தால் பொடிப் பாசி முதல் சற்றுப் பெரிய பாசி வரை எல்லாவற்றையும் சலித்தெடுக்க முடியும். ரோட்டிஃபரால் மிகப் பொடியானதைத்தான் எடுக்க முடியும்.

இத்தகைய சிறு மீனோ கண்ணால் பார்த்து இரை பிடிப்பது. பெரிதாகத் தெரிவதைத்தான் முதலில் கொத்தும். அதனால் ஏரியில் மிதவையுயிரிகள் அடியோடு அழிவதில்லை. பெரியவை போய்ப் பொடியானவை பெருகுகின்றன. செக் நாட்டுக் குளங்களில் ஆய்வாளர் ஹர்பாச்செக் 1960-களின் தொடக்கத்திலேயே இதைக் கண்டார். அமெரிக்காவின் கனெக்டிகட் ஏரி ஒன்றில் 1942-இல் எடுத்த மாதிரிகளையும், ஒருவகை ஹெர்ரிங் மீன் குடியேறிய பிறகு 1964-இல் எடுத்த மாதிரிகளையும் புரூக்ஸ், டாட்சன் இருவரும் ஒப்பிட்டார்கள். முன்பு இருந்த பெரிய டாஃப்னியா பின்னதில் இல்லை. அதன் இடத்தில் பொடி இனங்கள் இருந்தன. 1965-இல் வெளியான அந்தக் கட்டுரை ஏரியியலின் பார்வையையே மாற்றியது. அதுவரை தண்ணீரின் ரசாயனம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று பலர் நம்பியிருந்தார்கள்.

நம்பிக்கை: கம்பூசியா கொசுப்புழுவை மட்டுமே தின்னும், அதை எங்கே விட்டாலும் நன்மைதான்.

உண்மை: வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையிடாமல் குஞ்சு ஈனும். வெகு வேகமாகப் பெருகும். கொசுப்புழுவைத் தின்பது உண்மை. ஆனால் அது கிடைத்ததை எல்லாம் தின்னும்: நீர்த்தெள்ளு, நீர்ப்பூச்சிகள், மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு. கலிஃபோர்னியாவில் ஹர்ல்பர்ட் குழுவினர் செயற்கைக் குளங்களில் கம்பூசியாவை விட்டுப் பார்த்த முடிவு 1972-இல் வந்தது. மீன் இருந்த குளங்களில் மிதவையுயிரிகளும் பூச்சிகளும் சரிந்தன. தண்ணீர் பாசியால் நிறைந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இந்த மீனும் இருக்கிறது.

அமெரிக்கக் குளத்தில் நடந்தது இங்கே நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, டெல்லிவாசிகள் கோடை விடுமுறைக்கு ஓடும் நைனிதால் ஏரி பதில் சொல்கிறது. அங்கும் கம்பூசியா பெருகியிருந்தது. ஒருமுறை பூஞ்சை நோய் தாக்கி அவை கூட்டங்கூட்டமாகச் செத்தன. குமாவூன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நக்தாலி, குப்தா இருவரும் அந்த நேரத்தில் ஏரியைத் தொடர்ந்து அளந்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். மீன் குறைந்ததும் விலங்கு மிதவையுயிரிகள் பெருகின. பாசி குறைந்தது. தண்ணீரில் பார்வை எட்டும் ஆழம் கூடியது. மீன் மறுபடி பெருகியதும் ஏரி பழைய நிலைக்கே திரும்பியது. யாரும் திட்டமிட்டுச் செய்யாத, ஆனால் இதைவிடத் தெளிவாக அமைய முடியாத ஒரு சோதனை அது. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் இதற்கு இடம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

டெல்லிக்கே உரிய இன்னொரு சேதியும் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ராம் குமார், டி. ராமகிருஷ்ண ராவ் இருவரும் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை, மீசோசைக்ளாப்ஸ் என்ற மிதவையுயிரி அனாஃபிலிஸ், கியூலெக்ஸ் கொசுக்களின் புழுக்களை வேட்டையாடுவதைக் காட்டியது. நரம்புச் சிலந்தி நோய்க் கிருமியைச் சுமந்த சைக்ளாப்ஸின் உறவு என்று இதற்குக் கெட்ட பெயர் உண்டு. ஆனால் 2000-லேயே இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. வியட்நாமில் தண்ணீர்த் தொட்டிகளில் மீசோசைக்ளாப்ஸை விட்டே டெங்குக் கொசுவைக் கட்டுப்படுத்தினார்கள். ஏரியில் நாம் விடும் மீன், கொசுவின் எதிரியையும் சேர்த்தே தின்கிறது.

அதோடு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஏரியில் முட்டையிடுவதில்லை. அது வளர்வது ஏர்கூலரில், மாடித்தொட்டியில், பூந்தொட்டித் தட்டில். டெங்குக்கு அஞ்சி ஏரியில் மீன் விடுவதால் பயன் இல்லை. வெளியே தப்ப வழியில்லாத செயற்கை நீரூற்றுத் தொட்டியில் கம்பூசியாவை வைப்பது வேறு விஷயம். அதை நான் எதிர்க்கவில்லை.

நம்பிக்கை: அப்படியானால் பாசி தின்னும் வெள்ளிக் கெண்டையை விட்டால் போதும்.

உண்மை: சில இடங்களில் பலித்திருக்கிறது. சீனாவின் வூஹானில் உள்ள டோங்ஹு ஏரியில் இந்த வகைக் கெண்டைகளை நெருக்கமாக விட்டபின் நீலப்பச்சைப் பாசித் திரட்டு அடங்கியது. ஆனால் வெள்ளிக் கெண்டை பாசியோடு நீர்த்தெள்ளையும் சலித்து விழுங்கும். அதன் செவுள் சல்லடையில் சிக்காத பொடிப் பாசிக்கு அப்போது எதிரி இருக்காது. நம் கட்லாவும் மிதவையுயிரிகளை விரும்பித் தின்னும் மீன்தான். சாதா கெண்டை அடிச்சேற்றைக் கிளறி, அதில் படிந்த பாஸ்பரஸை மேலே கொண்டுவரும். மீன் வளர்ப்புக்கு இவை நல்ல மீன்கள். ஏரியைத் தெளிவாக்கும் நோக்கத்துக்கு அல்ல.

நம்பிக்கை: ஐரோப்பாவில் செய்ததுபோல் சிறு மீனைத் தின்னும் பெரிய மீனை விட்டால் எல்லாம் சரியாகும்.

உண்மை: குளிர்நாட்டு ஏரிகளில் இந்த முறை பலமுறை வென்றிருக்கிறது. வெப்ப நாட்டில் அவ்வளவு எளிதல்ல. இங்கே சிறு மீன்கள் ஆண்டின் பெரும்பகுதி இனப்பெருக்கம் செய்கின்றன. பெரிய டாஃப்னியாவுக்கு வெயில்காலச் சூடு ஒத்துவராது. மேலும் ஆழமான ஏரியில் நீர்த்தெள்ளுகள் மீனின் வாடையை உணர்ந்து பகலில் இருண்ட அடிநீருக்கு இறங்கித் தப்பும். டெல்லியின் ஆழமற்ற ஏரிகளில் அப்படி ஒளிய இடமில்லை. விராலைப் போன்ற உள்ளூர் வேட்டை மீன்கள் உதவலாம். தனியாக அவற்றால் முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாசிக்கு உரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஹௌஸ் காஸ் குளம் வறண்டு கிடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வசந்த் குஞ்ச் சுத்திகரிப்பு நிலையத்து நீரால் மறுபடி நிரம்பியது. சுத்திகரித்த கழிவுநீரிலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிஞ்சியிருக்கும். பாசிக்கு அது போதும். மீனைச் சரிசெய்துவிட்டு இதை விட்டுவைத்தால் பச்சை நிறம் போகாது.

உங்கள் பகுதி ஏரியில் மீன் விடப் போகிறார்கள் என்றால், எந்த மீன், எதற்காக என்று கேளுங்கள். அதற்கு முன்பு அந்த நீரில் என்னென்ன மிதவையுயிரிகள் இருக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். அருகில் உள்ள கல்லூரியின் விலங்கியல் மாணவர்களாலேயே அதைச் செய்ய முடியும். கம்பூசியாவை மட்டும் எந்த ஏரியிலும் விட அனுமதிக்காதீர்கள்.